பனையோடைக் கல்

செல்வக்கனி நிலவியல் படித்தவள். சுரங்கத் துறையில் வேலை வரும் என்று ஐந்து வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு, கடைசியில் மாவட்ட அரசு மருத்துவமனையின் கல் பரிசோதனை மேசைக்கு வந்து சேர்ந்தாள். சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல் என்ன வகை என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலை. சுற்றிலும் உப்பளம். ஆண்களும் பெண்களும் நாள் முழுக்க வெயிலில் நின்று உப்பு வாருகிற ஊர்களில் கல்லுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. பெரும்பாலும் லேசரில் உடைத்துப் பொடியாகத்தான் வரும். பார்த்தாள், எழுதினாள், தூக்கிப் போட்டாள். ஆறு வருடம் அப்படியே ஓடியது.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம் வைகாசி மாதம் அக்கா பேச்சித்தாயின் கணவர் சுயம்புலிங்கத்தை இடுப்பு வலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். லேசர் இயந்திரம் பழுது. மூத்திரம் அடைத்துக்கொண்டதால் காத்திருக்க முடியாது என்று டாக்டர் கிளாட்வின் பழைய முறையில் விலாவைத் திறந்து கல்லை முழுதாக எடுத்தார். மேசைக்கு வந்த கல்லைச் செல்வக்கனி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வழக்கமான கல் நெருஞ்சி முள் மாதிரி இருக்கும். இது புளியங்கொட்டை அளவில், தேன் நிறத்தில், ஆறு பட்டையோடு இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபுறம் தெரிந்தது. புற ஊதா விளக்கின் கீழே பச்சையாக ஒளிர்ந்தது. எக்ஸ்-கதிரில் வைத்து, உலகத்தில் இதுவரை பதிந்து வைத்திருக்கும் ஆறாயிரத்துச் சொச்சம் கனிமங்களோடு ஒப்பிட்டாள். பாஸ்பேட் வகை என்பது மட்டும் உறுதியானது. பொருந்தியது ஒன்றே ஒன்று. ஏதோ ஒரு பசிபிக் தீவில், வௌவால் குகையில், எச்சம் படிந்த தரைக்கு அடியில் கடுகில் பாதி அளவு மூன்று துணுக்குகள் கிடைத்திருந்தன. பெயர் வைக்கும் அளவுக்குப் பொருள் தேறாததால் ஓர் எண் மட்டும் கொடுத்து விட்டிருந்தார்கள்.

பெயர் வைக்கும் பாக்கியம் செல்வக்கனிக்கு வாய்த்தது. அத்தானின் ஊர்ப் பெயரை வைத்தாள். ஆய்விதழில் பனையோடைட் என்று அச்சானது, ஊரில் பனையோடைக் கல் என்று ஆனது. கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் கல்லின் பண்புகளை வரிசையாகக் கொடுத்திருந்தாள். கடினம், எடை, நிறம், உடையும் விதம். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: அழுத்தினால் மின்சாரம் கசிகிறது, ஆயிரம் முறை அழுத்தியும் குறையவில்லை.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எட்டே மாதத்தில் நந்திதா வந்தாள். மருத்துவக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி. முப்பது வயதுக்காரி, மரியாதையான பேச்சு.

"இதுல ஒரு சின்னத் துண்டு இதயத்தோட ஓரத்துல உக்காந்தா போதும் மேடம். துடிக்கத் துடிக்க நசுங்கும், விரியும். அதுலயே மின்சாரம் வந்துடும். பேஸ்மேக்கருக்குப் பேட்டரியே வேண்டாம். இன்னைக்குப் பிறந்த குழந்தைக்கு வெச்சா, அது பேரன் பேத்தி எடுக்குற வரைக்கும் ஓடும்."

"லேப்லயே செஞ்சுக்கிற வேண்டியதுதான?"

"நாலு நாட்டுல செஞ்சு பாத்தாச்சு. மாவாத்தான் வருது. ஒரே படிகமா வளரணும்னா முப்பத்தேழு டிகிரி சூடு, பக்கத்துல விடாம ஓடுற இரத்தம், பதினாலு மாசம் பொறுமை. அப்படி ஒரு மெஷின் எங்ககிட்ட இல்ல."

"அந்த மெஷினெல்லாம் அங்கன அளத்துல நிக்கி."

நந்திதா சிரிக்கவில்லை. "நீங்க எடுத்துக் குப்பையில போடுறதத்தான் நாங்க கேக்குறோம். நல்ல டாக்டர வெச்சு, நல்ல மருந்து குடுத்து எடுக்குறோம். யாருக்கும் நஷ்டமில்லையே?"

யோசித்துப் பார்த்தாள். யாருக்கும் நஷ்டமிருப்பதாக அவளுக்கும் தெரியவில்லை.

உறுப்பை விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. கல் உறுப்பில்லை. என்றாலும் விலை என்ற சொல்லைக் கம்பெனி எங்கேயும் பயன்படுத்தவில்லை, நலத்திட்டம் என்றது. உடையாத கல் கொடுத்த குடும்பத்துக்குக் காங்கிரீட் வீடு. பதினெட்டு மில்லிமீட்டரைத் தொட்ட கல்லென்றால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு நர்சிங் கல்லூரியில் இடம், படிப்பு முடியும்வரை கம்பெனி பொறுப்பு. கல்லை உடைக்கக் கூடாது என்பதால் லேசர் மூலைக்குப் போனது. விலாவைக் கிழிக்கும் பழைய அறுவை திரும்பி வந்தது.

முதல் வருடம் பனையோடைக்காரர்கள் தானாக வந்த கல்லைக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கல்லை வளர்க்கத் தொடங்கினார்கள்.

எப்படி வளர்ப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தால் கல் வரும் என்று டாக்டர்கள் காலம் காலமாகச் சொல்லி வந்த எச்சரிக்கையே வழிமுறையாகிவிட்டது. காலையில் அளத்துக்குப் போகிறவர்கள் கையில் ஆடும் மஞ்சள் தண்ணீர் கேன்கள் காணாமல் போயின. பாத்திகளின் நடுவே வெள்ளை வெயிலில் உதடு வெடித்து நின்றார்கள். மயக்கம் வந்தவர் முகத்தில் தண்ணீர் தெளித்தால், வாய்க்குள் போய்விடாமல் கையால் பொத்திக்கொண்டார். சுகாதாரத் துறை அனுப்பிய தண்ணீர் லாரி நிறைந்தபடியே நின்றது. மூன்றாம் நாள் ஓட்டுநர் சலித்துப்போய், தண்ணீரை மணலில் திறந்துவிட்டுப் போனான். பெண் பார்க்க வருகிறவர்கள் ஸ்கேன் படத்தைக் கேட்டார்கள். "மாப்பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் கல்லு" என்று தரகர் குரலை உயர்த்திச் சொன்னார். காங்கிரீட் வீடுகள் வரிசையாக எழுந்தன. அவற்றின் வாசலில் விலாவில் தையல் தழும்போடு நாற்பது வயதுக் கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

செல்வக்கனியின் மேசைக்குக் கற்களோடு இரத்தப் பரிசோதனைத் தாள்களும் வந்தன. டயாலிசிஸ் பிரிவில் நான்கு படுக்கை பத்தொன்பதாயிற்று. ஆறு பேர் இறந்தார்கள். சுயம்புலிங்கத்தின் தாளைப் பார்த்த அன்று மத்தியானமே விடுப்பு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சுயம்புலிங்கம், முந்தின கல்லுக்குக் கிடைத்த புது வீட்டின் சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மகள் சந்தனமாரி பள்ளிக்கூடம் போயிருந்தாள். பேச்சித்தாய் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ஒங்க இடது பக்கம் சுருங்கியே போச்சி. இப்பம் ஒண்ணை வெச்சித்தான் ஓடிக்கிட்டு இருக்கு. அதுலயும் கல்லு அடைச்சிக்கிட்டு நிக்கி. நாளைக்கே வந்து எடுத்துருங்க."

"எத்தன மில்லி இருக்கு?"

"நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன கேக்கிய?"

"எத்தன மில்லின்னு சொல்லு கனி."

"பதிமூணு."

"இன்னும் அஞ்சுதான" என்றார் சுயம்புலிங்கம். முகத்தில் லேசான வெளிச்சம்கூட வந்தது. "பதினெட்ட தொட்டுட்டா சந்தனமாரிக்குச் சீட்டு."

"அஞ்சு மில்லி வளருததுக்குள்ள நீங்க போய்ச் சேந்துருவிய."

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். காறை பூசிய புதுக் கூரை.

"முப்பது வருசம் அளத்துல நின்னேன். காலு வெடிச்சிது, கண்ணு மங்குச்சி. அது யாருக்கு என்ன பிரயோசனம், சொல்லு? என் ஒடம்புல வெளைஞ்ச ஒண்ணுக்கு இப்பந்தான் மொத தடவையா மதிப்பு வந்துருக்கு. அதப் போயி பாதியில புடுங்கச் சொல்லுதியே."

செல்வக்கனி அடுப்படிப் பக்கம் திரும்பி, "எக்கா, நீயாவது சொல்லேன்" என்றாள்.

பேச்சித்தாய் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை ஈரமாகவே இல்லை. "அவ அளத்துக்குப் போவக் கூடாது கனி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் செல்வக்கனிக்கு ஒரு கேள்வி முளைத்தது. முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அடுத்த ஊரிலும் அளம்தான், அதே வெயில்தான், அங்கேயும் பலர் வாயைக் கட்டிக்கொண்டு கல் வளர்த்துப் பார்த்தார்கள். அங்கே விளைந்ததெல்லாம் சாதாரண முள் கல். பனையோடையில் மட்டும் ஏன் இது?

பதினோரு இடத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்தாள். ஏழு மாதத்தில் விடை கிடைத்தது. பனையோடையின் மூன்றாவது ஆழ்துளைக் கிணறு, தரைக்கு நூற்று முப்பது மீட்டர் அடியில், ஒரு கரு மணல் படுகைக்குள் இறங்கியிருந்தது. அந்தப் படுகையிலிருந்து யிட்ரியம் என்ற அபூர்வத் தனிமம் மிக நுண்ணிய அளவில் தண்ணீரில் கரைந்து வந்தது. ஊர் முழுக்கக் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். அந்தத் தனிமம் இல்லையென்றால் கல் இல்லை. கிணற்றை மூடினால் கதை முடிந்தது.

மூடவைக்க வேண்டுமென்றால் அதிகாரிகள் மறுத்துப் பேச முடியாதபடி எழுத வேண்டும். ஒரு ஓட்டை இல்லாமல் எழுதினாள். தண்ணீரில் அந்தத் தனிமம் எவ்வளவு இருந்தால் கல் தொடங்கும், கூட என்னென்ன உப்பு எவ்வளவு வேண்டும், ஒருவர் நாளுக்கு எவ்வளவு குறைவாகக் குடித்தால் எத்தனை மாதத்தில் எத்தனை மில்லிமீட்டர் வளரும், எந்த அளவுக்குக் கீழே போனால் படிகம் சிதையும் என்று எல்லாவற்றையும் அட்டவணையாகப் போட்டாள். 'பனையோடைட்: கிடைக்கும் இடமும் உருவாகும் விதமும்' என்று தலைப்பிட்டாள். அவள் எழுதியவற்றிலேயே நேர்த்தியான அறிக்கை அது.

செய்தி எப்படியோ கசிந்தது. ஒரு மத்தியானம் ஐந்து பெண்கள் அவளுடைய குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச்சித்தாய்.

"மூணாவது போரை மூடச் சொல்லி எழுதுதியாமே" என்றாள் முன்னால் நின்ற சொர்ணம். ஒரு வருடத்துக்கு முன்பு வீட்டுக்காரனை டயாலிசிஸ் பிரிவில் பறிகொடுத்தவள்.

"ஒங்க வீட்டுக்காரரே போயிட்டாரேக்கா. ஆறு பேரு செத்துருக்காவ."

"அதுக்கு முந்தி அளத்துல சுருண்டு விழுந்து செத்தவள எவ எண்ணுனா? எங்க ஆத்தா செத்தா. ஒரு தாளுல அவ பேரு இருக்கா? இப்பம் செத்தா வீடு மிஞ்சுது, புள்ளைக்குப் படிப்பு மிஞ்சுது. அதயும் வேண்டாங்கியா?"

"சாவ வேண்டாம்னு சொல்லுதேன்க்கா."

"சாவாம இருக்கது ஒன் தாளுலயா இருக்கு?" என்றாள் சொர்ணம். கோபத்தில் கேட்ட மாதிரியே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவள் மாதிரி பதிலுக்காக நின்றாள். பிறகு ஐந்து பேரும் திரும்பி நடந்தார்கள்.

மறுநாள் அறிக்கையைக் கொடுத்துவிட்டாள். நாற்பதாவது நாள் மூன்றாவது கிணற்றைச் சிமெண்டு ஊற்றி மூடினார்கள். டாக்டர் கிளாட்வின் மேசைக்கே வந்து, "செல்வக்கனி, ஒரு டாக்டரா நான் செய்ய முடியாதத நீ செஞ்சிருக்கம்மா" என்றார். பனையோடையில் யாரும் அவளோடு பேசவில்லை, அக்காவும் பேசவில்லை. அது பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

கிணற்றை மூடுவதற்கு முந்தின வாரம் ஊரே டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து வைத்தது அவளுக்குத் தெரியாது. சுயம்புலிங்கத்தின் வீட்டுக் கொல்லையில் மட்டும் மூன்று நீல டிரம்கள் நின்றன.

ஐப்பசியில் அவரைக் கொண்டு வந்தார்கள். குளிர்காய்ச்சல், நினைவில்லை. அடைத்த மூத்திரத்தில் கிருமி புகுந்து இரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு உயிர் போனது. அரை மணி நேரத்தில் கம்பெனி ஆள் ஒருவன் படிவத்தோடு வந்தான். இறந்தவர் உடலிலிருந்து கல்லை எடுக்க மனைவியின் சம்மதம் வேண்டும். பேச்சித்தாய் தாளைப் படிக்கவில்லை. "எங்கன போடணும்?" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கல் செல்வக்கனியின் மேசைக்குத்தான் வந்தது. அவள் அளந்து எழுதினால்தான் செல்லும். துடைத்து, அளவுகோலின் தாடைகளுக்கு நடுவே வைத்தாள். பதினேழு. திருப்பி வைத்தாள். பதினேழு. தப்பாக இருக்கும் என்று மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மூன்றாம் முறை அளந்தாள். பதினேழுதான். இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்திருந்தால் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டது மனம். அப்படி நினைத்தது உறைத்ததும் அளவுகோலை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

கதவருகே பேச்சித்தாய் வந்து நின்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் பேச்சு: "எத்தன?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓர் எண்ணையும் மாற்றி எழுதாத செல்வக்கனி, "பதினெட்டு" என்றாள். அப்படியே எழுதினாள். பேச்சித்தாய் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

சந்தனமாரி கல்லூரியில் சேர்ந்தாள். பனையோடையில் டிரம்கள் காலியாயின. புதிதாக யாருக்கும் தேன் நிறக் கல் வரவில்லை. அளத்தில் மஞ்சள் கேன்கள் மறுபடி தென்பட்டன. செல்வக்கனி பொடிக் கற்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நம்ப ஆரம்பித்திருந்தாள்.

கிணற்று அறிக்கைக்குப் பிறகு தண்ணீர்ப் பரிசோதனையும் அவள் மேசைக்கே வந்தது. மாசியில் அப்படி வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பாட்டில் வந்தது. உள்நாட்டில், செங்கல் சூளைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தொடங்கவிருக்கும் இலவசக் குடிநீர்த் திட்டம். இயந்திரம் எண்களைக் கக்கியது. வாசித்துக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தினாள். அந்த எண்களை அவளுக்குத் தெரியும். அவளுடைய அட்டவணையில் மூன்றாவது வரிசை. கல் சிதையாமல் வளரத் தேவையான அளவு. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை அதேதான். யாரோ அளந்து கலந்த தண்ணீர்.

நந்திதாவுக்கு ஃபோன் செய்தாள்.

"அந்தத் தனிமத்துக்குக் குடிநீர்ச் சட்டத்துல உச்ச வரம்பே இல்ல மேடம்" என்றாள் நந்திதா. "நாங்க எந்த விதியையும் மீறல."

"என் அறிக்கைய எடுத்து…"

"பொது ஆவணம்தானே? மூணு வருஷமா பனையோடையில மட்டும் ஏன் வருதுன்னு எங்களுக்குத் தெரியல. நீங்க எழுதினப்பறம்தான் தெரிஞ்சது."

"மூடுததுக்குத்தான் அத எழுதுனேன்!"

நந்திதா தாழ்ந்த குரலில் பேசினாள். "என் நெஞ்சுக்குள்ள ஒண்ணு ஓடிட்டு இருக்கு மேடம். போன வருஷம் வெச்சாங்க. யாரோடதுன்னு தெரியாது, கேக்கவும் தைரியமில்ல. காத்திருக்கிற பட்டியல்ல நாலாயிரம் குழந்தைங்க இருக்காங்க. அந்த நாலாயிரம் வீட்டுக்கும் ஃபோன் பண்ணி நிறுத்தியாச்சுன்னு நீங்க சொல்லிடுவீங்களா? என்னால முடியல."

செல்வக்கனி ஃபோனை வைத்துவிட்டாள். பரிசோதனைத் தாளில் தகுதியற்றது என்று எழுதினாள். எந்த விதியின்படி என்று கேட்டு அது இரண்டே நாளில் திரும்பி வந்தது.

தொடக்க நாளன்று பஸ் பிடித்துப் போனாள். மரம் இல்லாத பொட்டல். சூளையின் அனல் தூரத்திலிருந்தே முகத்தில் அடித்தது. விழா முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புதுக் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள். கம்பெனி பெயரோ கல்லின் பெயரோ எங்கும் எழுதியிருக்கவில்லை. முதல் குடம் பிடித்துக்கொண்டிருந்தவளின் கையை எட்டிப் பிடித்தாள் செல்வக்கனி.

"இந்தத் தண்ணியக் குடிக்காதிய. புள்ளைகளுக்குக் குடுக்காதிய. நான் பெரியாஸ்பத்திரி லேப்புல இருந்து வாரேன். இது கல்லு வரவைக்கிற தண்ணி."

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். புருவம் வரை செம்மண் தூசி. "கல்லா? என்ன கல்லு?" என்றாள்.

"பனையோடைக் கல்லு. கேள்விப்பட்டிருப்பிய. அந்த ஊருல எத்தன பேரு செத்தாவன்னு தெரியுமா? எங்க அத்தானே செத்தாரு."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். குழாய் திறந்தபடி கொட்டிக்கொண்டிருந்தது. செல்வக்கனியை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமா என்று பார்ப்பது தெரிந்தது.

"எல்லாருக்கும் வீடு கட்டிக் குடுத்தாகளே, அந்தப் பனையோடையா?"

"ஆமா."

"பிள்ளைகளக் காலேசுல சேத்தாகளே?"

"ஆமா… ஆனா நான் என்ன சொல்ல வாரேன்னா…"

"நெசமாவே அந்தத் தண்ணிதானா இது? நல்லாத் தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள் செல்வக்கனி. நம்பவைத்துவிட வேண்டும் என்ற தவிப்பில் சொன்னது.

அந்தப் பெண் சட்டென்று திரும்பி, ஓலைக் கொட்டகைகளின் பக்கம் கையை வாய்க்குக் குவித்துக் கூவினாள். "ஏய் ராக்கு! எல்லாரையும் வரச் சொல்லு! இது அந்தத் தண்ணிதானாம்! ஆஸ்பத்திரி அக்காவே வந்து சொல்லிட்டாக!"

சூளைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கொட்டகைகளிலிருந்து குடமும் வாளியும் டிரம்மும் வெளியே வந்தன. வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ ஒருவர், "கொஞ்சம் தள்ளிக்கிருங்கம்மா" என்று மரியாதையாகக் கேட்டார். செல்வக்கனி தள்ளி நின்றாள்.